மரபணு இறைவனின் மொழியா? – ஒரு நூலும் அதன் தலைப்பும்

1. நூலும் அதன் நோக்கமும்

அமெரிக்க மரபணு அறிஞர் பிரான்சிஸ் காலின்ஸ் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் 'இறைவனின் மொழி' எனலாம். 1993 முதல் மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வழிநடத்தியவர் அவர். நாத்திகராய் இருந்து, நோயாளிகளின் விசுவாசத்தாலும் சி. எஸ். லூயிஸின் எழுத்துக்களாலும் அசைக்கப்பட்டு, தமது இருபத்தேழாம் வயதில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். 2000-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் மரபணுத் தொகுதியின் முதல் வரைவு அறிவிக்கப்பட்டபோது, உயிரைப் படைக்க இறைவன் கையாண்ட மொழியை நாம் கற்று வருகிறோம் என்னும் கருத்தில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் பேசினார். அவ்வுரை உருவானதில் காலின்ஸுக்கும் பங்கு உண்டு. அந்த உருவகமே பின்னர் நூலின் தலைப்பாயிற்று.

இந்நூல் திருச்சபைக்குச் செய்த நன்மையை முதற்கண் நன்றியோடு கூறவேண்டும். உயிர்களின் பரிணாமத்தை ஏற்பதும் படைப்பாளராகிய கடவுளை வழிபடுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை, ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் அச்சமின்றி எடுத்துரைத்தார். அறிவியல் இன்னும் விளக்காத இடைவெளிகளில் கடவுளை வைப்போர், அவ்விடைவெளி அடைபடும்போது கடவுளையும் இழப்பர் என்னும் அவருடைய எச்சரிக்கை இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளத்தக்கது. மரபணுவே மனிதரின் நடத்தையை முற்றும் நிர்ணயிக்கிறது என்னும் கொள்கையையும் அவர் ஏற்கவில்லை.

எனினும் நூலின் வாதங்களைப் படியாதவரும் அதன் தலைப்பைக் கேட்டிருக்கின்றனர். மரபணு என்பது கடவுள் எழுதிய எழுத்து என்னும் கூற்று நம் பிரசங்க மேடைகளிலும் இளைஞர் முகாம்களிலும் ஐயமின்றி வழங்கி வருகிறது. இவ்வுருவகம் அறிவியலுக்கும் பொருந்தவில்லை, இறையியலுக்கும் பொருந்தவில்லை என்பதும், துன்புறும் குடும்பங்களுக்கு அது தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. எழுத்தும் அதன் இயக்கமும்

மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி வேதி எழுத்துக்கள் உள்ளன. புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதத்திற்கு நேரடியாகக் குறிப்புத் தரும் பகுதி மொத்தத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காடே. நம் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே தொகுதிதான். ஆயினும் ஒன்று பித்தநீரைச் சுரக்கிறது. மற்றொன்று நினைவைத் தாங்குகிறது. வேறுபாடு எழுத்தில் இல்லை. எந்த மரபணு, எப்போது, எவ்வளவு இயங்குகிறது என்பதில் இருக்கிறது. இதனையே மரபணு ஒழுங்கமைவு என்கிறோம்.

இவ்வுண்மைக்கு அடித்தளம் இட்டவர்கள் பிரெஞ்சு அறிஞர்களாகிய ஃபிரான்சுவா ழாக்கோபும் ழாக் மோனோவும். குடலில் வாழும் ஒரு நுண்ணுயிர், பாற்சர்க்கரை இல்லாதபோது அதனைச் செரிக்கும் நொதிகளை வீணே உண்டாக்குவதில்லை. ஒடுக்கும் புரதம் ஒன்று டி.என்.ஏ.வின்மீது அமர்ந்து அம்மரபணுக்களைத் தடுத்து நிற்கிறது. பாற்சர்க்கரை வந்தவுடன் அது விலகிக்கொள்கிறது. 1961-ஆம் ஆண்டில் இதனை அவர்கள் விளக்கினர். 1965-இல் நோபல் பரிசு பெற்றனர். மிக எளிய உயிரிலும் எழுத்து தானே பேசுவதில்லை. சூழலும் செல்லும் கூடியே அதனை இயக்குகின்றன.

புரதம் ஆக்காத எஞ்சிய பெரும்பகுதி எதற்கு என்னும் வினா நெடுங்காலம் நிலவியது. காலின்ஸ் தம் நூலில், மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 45 விழுக்காட்டை நிரப்பியுள்ள தொன்மையான மறுபடித் தொடர்களைச் சுட்டி, அவை சிதைந்த நிலையில் மனிதரிலும் சுண்டெலியிலும் ஒத்த இடங்களில் காணப்படுவதைப் பொது மூதாதைக்குச் சான்றாகக் காட்டுகிறார். அச்சான்று இன்றும் வலுவானதே. ஆனால் இறைவனின் மொழி என்னும் தலைப்பை ஏற்றுக்கொண்ட வாசகருக்கு இங்கே ஒரு தடுமாற்றம் எழும். பயனற்ற சிதைவுகளையும் இறைவன் மொழிந்தாரா?

2012-ஆம் ஆண்டில் என்கோட் என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு, தொகுதியின் 80 விழுக்காடு ஏதேனும் ஒரு வேதிச் செயலில் ஈடுபடுகிறது என அறிவித்தது. கடவுள் குப்பையைப் படைப்பதில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகச் சில கிறிஸ்தவ எழுத்தாளர்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. வேதிச் செயல் நிகழ்வதும் உயிருக்குப் பயன்படுவதும் ஒன்றல்ல என்று டான் கிரவுர் முதலியோர் 2013-இல் கடுமையாக மறுத்தனர். பரிணாமத்தால் காக்கப்பட்டுவரும் பகுதி ஏறத்தாழ 8.2 விழுக்காடே என 2014-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் கணித்தனர். வாதம் இன்னும் முடியவில்லை. நம் விசுவாசத்தை 80 விழுக்காட்டின்மீது கட்டுவோர், எண்ணிக்கை எட்டாகக் குறைந்தால் என்ன செய்வர்? இடைவெளிகளின் கடவுளைப்பற்றி எச்சரித்த காலின்ஸ், எழுத்துக்களின் கடவுள் என்னும் மற்றோர் இடர்ப்பாட்டிற்குத் தம் தலைப்பினால் வழி திறந்துவிட்டார்.

3. மறைநூலைப் படிக்கும் முறை

சங்கீதம் 139:16-ஐ டி.என்.ஏ.வைப்பற்றிய முன்னறிவிப்பாக எடுத்தாளும் வழக்கமும் இவ்வுருவகத்தின் விளைவே. கருவில் உருவாகுமுன்னே அவயவங்கள் இறைவனுடைய புத்தகத்தில் எழுதப்பட்டன என்று நம் பழைய திருப்புதல் அவ்வசனத்தை உணர்த்துகிறது. ஆனால் அவயவம் என்னும் பெயர்ச்சொல் எபிரேய மூலத்தில் இல்லை. நாட்கள் என்னும் சொல் உண்டு. ஆகவே பல புதிய மொழிபெயர்ப்புகள், எழுதப்பட்டவை மனிதனுடைய நாட்களே என்று கொள்கின்றன. எவ்வாறு கொள்ளினும், சங்கீதக்காரன் உடலுக்குள் இருக்கும் எழுத்தைப்பற்றிப் பாடவில்லை. தன்னை எங்கும் விட்டு விலகாத கடவுளின் அறிவைப்பற்றிப் பாடுகிறான். புத்தகம் கடவுளிடத்தில் இருக்கிறது. செல்லின் உட்கருவில் அன்று.

சீர்திருத்த மரபில் நின்று பேசும் நமக்கு இங்கே மேலும் ஒரு பொறுப்பு உண்டு. தேவனுடைய வார்த்தை என்னும் பெயர் முதலாவது மாம்சமான கிறிஸ்துவுக்கு உரியது. அவரைச் சாட்சியிடும் மறைநூலுக்கும், அவரை அறிவிக்கும் திருவுரைக்கும் அவர்பொருட்டே அது வழங்குகிறது. வார்த்தையின் மூவகை வடிவம் என்று கார்ல் பார்த் விளக்கியது இதுவே. மரபணு இம்மூன்றில் ஒன்றன்று. அது வியப்பிற்குரிய படைப்பு. மாறுதலுக்கும் சிதைவுக்கும் உட்பட்ட படைப்பு. அதற்கு வார்த்தை என்னும் பெயரைச் சூட்டினால், அதில் நேரும் ஒவ்வொரு பிழையையும் கடவுளின் வாயிலிருந்து வந்ததாகச் சொல்ல நேரிடும்.

4. பிதாக்களின் அக்கிரமமா?

இப்பிழை கருத்தளவில் நின்றுவிடுவதில்லை. பரம்பரை நோயுள்ள வீட்டாரிடம் யாத்திராகமம் 20:5-ஐ எடுத்துக்காட்டி, மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் தொடரும் சாபம் என்று சொல்லும் ஊழியர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அண்மைக் காலத்தில் இவ்வாதத்திற்கு எபிஜெனிடிக்ஸ் என்னும் துறையையும் துணைக்கு அழைக்கின்றனர். எழுத்து மாறாமலே மரபணுவின் இயக்கத்தை மாற்றும் வேதிக் குறிகளை ஆராயும் துறை இது.

அவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வை நிதானமாக நோக்குவோம். 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாதவாறு ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படை தடுத்தது. பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அக்காலத்தில் கருவில் உருவானவர்களின் மரபணு ஒன்றில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், உடன்பிறந்தாரிடம் காணப்படாத வேதிக் குறி வேறுபாடு இருப்பதை 2008-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இது கருவிலிருந்த பிள்ளையே நேரடியாக அனுபவித்த பசியின் தழும்பு. தலைமுறை தலைமுறையாய்க் கடந்துவந்த ஒன்றன்று. மனிதரில் அத்தகைய குறிகளுள் பெரும்பாலானவை இனப்பெருக்கச் செல்களிலும் கருவின் தொடக்கத்திலும் அழிக்கப்படுகின்றன. பல தலைமுறைகளுக்கு அவை செல்கின்றன என்பது மனிதரிடத்தில் நிறுவப்படவில்லை.

இன்னுமொன்று. அப்பிள்ளைகள் சுமந்தது பெற்றோரின் பாவத்தையன்று. உணவைத் தடுத்த அதிகாரத்தின் பாவத்தை. இவ்வாய்விலிருந்து பிரசங்கம் செய்யவேண்டுமானால் எளியோரின் அப்பத்தைப் பறிப்போருக்கு விரோதமாகப் பேசிய ஆமோஸிடமே செல்லவேண்டும். திராட்சக்காய்களைப்பற்றிய பழமொழியை எரேமியா 31-ஆம் அதிகாரமும் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரமும் மறுத்துவிட்டன. பிறவிக்குருடன் முன்னிலையில் சீடர் எழுப்பிய வினாவின் அடிப்படையையே ஆண்டவர் தள்ளிவிட்டார் (யோவா. 9:1–3).

5. நீலகிரியில் ஒரு சோதனை

இவ்விவாதம் தொலைதேசத்திற்குரியதன்று. அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடியினரிடையே நடத்திய ஆய்வினால்தான். ஹீமோகுளோபின் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறுவதே இதற்குக் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெறும் பிள்ளை நோயுறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவோர் பெரும்பாலும் நலமாயிருப்பர். அவர்களுக்குக் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது என்று ஆலிசன் 1954-இல் காட்டினார். எனில் அவ்வெழுத்து பிழையா, கொடையா? எழுத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல இயலாது. அது யாரிடத்தில், எத்தனை படிகளாய், எந்த நிலத்தில் இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

இந்நோய்க்கு 2023-ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த காஸ்கெவி என்னும் சிகிச்சை, ஒழுங்கமைவு ஆய்வின் நேர்ப்பயன். கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு, பிறந்தபின் பி.சி.எல். 11 ஏ என்னும் புரதம் அதனை அடக்கிவிடுகிறது. நோயாளியின் எலும்பு மச்சைச் செல்களை வெளியே எடுத்து, அப்புரதத்தை இரத்தச் செல்களில் தூண்டும் பகுதியை வெட்டிச் செயலிழக்கச் செய்து, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். பழைய ஹீமோகுளோபின் திரும்ப உண்டாகிறது. மாறிய எழுத்து திருத்தப்படவில்லை. அது அங்கேயே இருக்கிறது. நோயின் வேதனையோ பெருமளவு நீங்குகிறது. ஆனால் அமெரிக்காவில் இதற்கு விதிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். நீலகிரிக் குடும்பத்திற்கு அது எட்டாத தொலைவு. எழுத்து விதியன்று என்று கற்பித்த அறிவியலே, விலையினால் ஏழைக்கு மற்றொரு விதியை எழுதிவிடக்கூடும்.

நம் நாட்டில் 2023 ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்ட அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம், 7 கோடி மக்களைப் பரிசோதித்து, ஒவ்வொருவருக்கும் மரபணு நிலையைக் காட்டும் அட்டை வழங்க முற்பட்டது. திருமணத்திற்குமுன் ஆலோசனை பெற அட்டை உதவும். அதன் நோக்கம் நல்லதே. ஆயினும் ஜாதகம் பார்த்துப் பெண்ணை ஒதுக்கிய சமுதாயம் அட்டையைப் பார்த்தும் ஒதுக்கும். தலையெழுத்து என்று முன்பு சொன்னதை, மரபணுவில் கடவுள் எழுதியது என்று போதகரும் சொல்வாரானால், நற்செய்தியின் பெயரால் பழைய விதிவாதமே அவ்வீட்டிற்குள் நுழையும்.

6. முடிவுரை

காலின்ஸின் நூலை நம் மாணவர்கள் படிக்கவேண்டும். அதன் நேர்மையைக் கற்கவேண்டும். அதன் தலைப்பை மட்டும் திருவுரைக்குள் கொண்டுவராதிருக்கவேண்டும். படைப்பைப் படைப்பாகவே காண்பது கடவுளின் மாட்சியைக் குறைப்பதாகாது. பரிசோதனை அட்டையைக் கையில் ஏந்திப் போதகரிடம் வரும் இளம் தம்பதியர் கேட்பது மூலக்கூறு விளக்கத்தையன்று. தங்கள்மீது கடவுள் சினங்கொண்டாரா என்பதையே. இல்லை என்று தயக்கமின்றி விடை கூறவும், தக்க மருத்துவ ஆலோசனைக்கு அவர்களை அழைத்துச் செல்லவும், சிகிச்சை ஏழைக்கும் எட்டவேண்டும் என்று பொதுவில் குரல் எழுப்பவும் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது. அக்கடமைக்கு நம் இறையியல் கல்வி மாணவரை ஆயத்தப்படுத்துகிறதா என்பதை ஆசிரியராகிய நாம் ஆராய்ந்து பார்ப்போமாக.