ஐம்பது டிகிரியும் ஒரத்தநாட்டு வைக்கோலும்

"பூஞ்சைகளின் நொதி உற்பத்தியில் வளர்ப்புச் சூழலின் விளைவு" என்கிற மாதிரித் தலைப்பில் வரும் ஆய்வுக்கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே அச்சு. வயல் மண்ணிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுப்பார்கள். பிஹெச், வெப்பம், சர்க்கரை, நைட்ரஜன் என்று ஒவ்வொன்றாக மாற்றி, செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதி எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பார்கள். கடைசியில் "உகந்த சூழல்" என்று நாலு எண்கள். அதற்குக் கீழே ஒரு வரி: இந்தப் பூஞ்சை நெல் வைக்கோலை மட்கவைக்க உதவும்.

எனக்குப் பிரச்சினை அந்தக் கடைசி வரிதான்.

ஏன்னா எங்க ஒரத்தநாட்டுப் பக்கம் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்குள் கிடைக்கும் இடைவெளி குறைவு. மெஷின் அறுப்புக்குப் பிறகு நிற்கிற தாள் அதற்குள் மட்குமா, மட்காதா? அந்த வரியை நம்பித்தான் ஒருவர் பாட்டில் வாங்கித் தெளிக்கிறார்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். செல்லுலேஸை அளக்க உலகமே பின்பற்றும் முறையை 1987இல் எழுதியவர் நம்ம ஆள்தான்: டெல்லி ஐஐடியின் டி.கே. கோஷ், ஐயுபேக் அமைப்புக்காக. 1 x 6 செ.மீ. வாட்மேன் 1 வடிதாள் துண்டு, எடை சுமார் 50 மி.கி. பிஹெச் 4.8, 50 டிகிரி செல்சியஸ், 60 நிமிடம். நொதி இரண்டு மடங்கானால் சர்க்கரையும் இரண்டு மடங்காக வராது என்பதால், சரியாக 2 மி.கி. குளுகோஸ் வரும் அளவுக்கு நொதியை நீர்த்து அளக்கச் சொல்கிறார். மிகத் தெளிவான கட்டுரை. இரண்டு ஆய்வகங்கள் ஒரே மொழியில் பேச வழி செய்தது.

ஆனால் அது நொதிக்கான அளவுகோல், வயலுக்கானது இல்லை. வடிதாள் ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். வைக்கோலில் லிக்னினும் சிலிக்காவும் சேர்ந்து அந்தச் செல்லுலோஸைக் காவல் காக்கின்றன. அந்த 50 டிகிரியில் நொதி நன்றாக வேலை செய்யும்; அதைச் சுரக்கும் டிரைக்கோடெர்மா அங்கே வளராது, அதற்கு 30க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூஞ்சை வளரும் வெப்பம் வேறு, நொதி வேலை செய்யும் வெப்பம் வேறு. பல கட்டுரைகள் இரண்டையும் "உகந்த வெப்பநிலை" என்ற ஒரே பெயரில் எழுதிவிடுகின்றன.

அடுத்தது உணவு. எளிதில் கிடைக்கும் சர்க்கரை இருந்தால் பூஞ்சை செல்லுலேஸ் செய்யும் வேலையை நிறுத்திவிடும். கஷ்டப்பட்டு உடைக்க என்ன அவசியம்? அப்படியிருக்க, அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் மேரி மேண்டல்ஸ் குழு குளுகோஸ் கொடுத்தபோதும் செல்லுலேஸ் வந்தது. காரணம் குளுகோஸ் இல்லை, அதில் மாசாகக் கலந்திருந்த சோஃபரோஸ் என்கிற வேறொரு சர்க்கரை என்று 1962இல் எழுதினார்கள். சாமான் டப்பாவில் ஒட்டியிருந்த துளியே முடிவை மாற்றும் துறை இது. இதில் "உகந்த கார்பன் மூலம்: இன்னது" என்று ஒரு வரியில் முடித்தால் எப்படி?

பூசா டீகம்போசரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லக் கரைசலில் கடலை மாவும் மாத்திரைகளும் போட்டுப் பெருக்கச் சொல்கிறார்கள். அந்த வெல்லம் பூஞ்சையின் எண்ணிக்கை கூடுவதற்கு. அந்த வாளியில் செல்லுலேஸை அளந்தால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நொதி சுரக்க வேண்டியது வைக்கோல்மேல் போய் உட்கார்ந்த பிறகு. வாளியின் எண்ணை வயலின் எண்ணாக வாசிக்கவே முடியாது.

மூன்றாவது, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை நிறுத்திவைக்கும் முறை. காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கும், சேர்த்து மாற்றிப் பாருங்கள் என்று ஃபிஷர் 1926லேயே வயல் சோதனைகளுக்குச் சொல்லிவிட்டார். 30 டிகிரியில் கண்ட சிறந்த பிஹெச், 36 டிகிரியிலும் சிறந்ததாக இருக்கும் என்று என்ன உத்தரவாதம்? மென்பொருள்காரர்களுக்குப் பழக்கமான விஷயம்தான்: டெஸ்ட் சர்வரில் ஓடியது புரொடக்‌ஷனில் விழும்.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் காணாமல்போவது ஆக்சிஜன். குடுவையை ஷேக்கரில் ஆட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனா நம்ம வயலில் வாய்க்கால் தண்ணியைக் கட்டிச் சேறடித்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன்பிறகு பூஞ்சைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள்தான் ராஜா, மீத்தேன்தான் மிச்சம். காளான் வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். வைக்கோலை ஊறவைத்து வடித்து, கையில் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில்தான் விதைப்பார்கள். அவர்கள் பார்க்கும் கணக்கு கிலோக் கணக்கு. அதனால் சூழலைப் பற்றி ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

இந்தக் கட்டுரைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு பூஞ்சைகளில் பத்தைச் சலித்தெடுக்க அவை தேவை. ஆனால் சலித்தெடுத்ததோடு வேலை பாதிதான். கடைசி வரியை எழுத வேண்டுமென்றால் இன்னொரு அட்டவணையும் வேண்டும்: வடிதாளுக்குப் பதில் வைக்கோல், ஷேக்கருக்குப் பதில் ஈரமண்ணும் தேங்கிய நீரும், பகல்–இரவு மாறும் வெப்பம், பக்கத்தில் பூஞ்சை தெளிக்காத ஒரு பாத்தி. 20 நாள் கழித்து எடை எவ்வளவு குறைந்தது?

அந்த அட்டவணை இல்லாத கட்டுரையில் கடைசி வரியை நான் அடித்துவிட்டுத்தான் படிக்கிறேன். மற்றதெல்லாம் பயனுள்ளதுதான்.