அக்கரைக் காரும் இக்கரைக் காரும்

ஒரே வருஷத்தில், ஆறு மாத இடைவெளியில், இரண்டு குடும்பங்களுக்காகப் பழைய கார் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்று திருச்சியில் குடியிருக்கும் என் தங்கைக்கு. மற்றொன்று யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கு அண்மையில் பள்ளிக்கூட உத்தியோகமும் வெங்காயத் தோட்டமுமாகக் காலம் தள்ளும் என் சித்தி மகனுக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, யுத்த காலத்தில் திருச்சிக்கு வந்து, இப்போது இரண்டு ஊருக்கும் பாதிப் பாதி சொந்தக்காரனாகிவிட்ட எனக்கு மோட்டார் சாஸ்திரத்தில் விசேஷப் பாண்டித்தியம் ஏதும் கிடையாது. நாலு இடம் பார்த்தவன் என்ற பிரசித்தி ஒன்றே என் தகுதி. இருவரும் கேட்டது ஒன்றுதான்: கைக்கு அடங்கிய விலை, ஐந்து பேர் நெருக்கியடிக்காமல் உட்காரும் வசதி, பின்புறத்தில் தாராளமாகச் சாமான் ஏற்றும் இடம். ஆனால் ஒரே விண்ணப்பத்தோடு இரண்டு சந்தைகளில் நுழைந்தவன் இரண்டு வேறு உலகங்களில் நுழைந்தவன் போலத் திகைக்க வேண்டியிருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

திருச்சியில் புரோக்கர் வாயைத் திறந்ததும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. வண்டிக்காரரைப் பற்றியே பேசினார். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டுந்தான் ஓடியிருக்கு." தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் சரிபாதி டாக்டர்களுடையவை என்றால், நம் வைத்தியர்கள் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கார் விற்பதிலேயே கழிக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். எனினும் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. அந்நிய நாட்டில் ஓடிய பழைய காரை இறக்குமதி செய்வதை இந்தியச் சட்டமும் வரியும் சேர்ந்து ஏறக்குறைய அசாத்தியமாக்கி வைத்திருப்பதால், அங்கே விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு பழைய வண்டியும் அந்த மண்ணிலேயே புதிதாக வாங்கப்பட்டு, அந்தத் தெருக்களிலேயே உருண்டு, யாரோ ஒரு மனிதருடைய சுபாவத்துக்கு ஏற்பத் தேய்ந்த வண்டி. ஆகையால் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது வண்டியின் ஜாதகத்தைக் கேட்பதற்குச் சமானம்.

சுன்னாகத்தில் யாரும் மனிதரைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன நம்பர்?" என்பதே முதற் கேள்வி. இலங்கையில் வாகனத்தின் வயதையும் அந்தஸ்தையும் அதன் இலக்கத் தகடே பறைசாற்றிவிடும். இரண்டு எண்களுக்கு நடுவே சிங்கள "ஸ்ரீ" இருந்தால் மிகப் பழையது. நடுவே வெறுங்கோடு இருந்தால் அடுத்த தலைமுறை. 2000க்குப் பின் வந்தவற்றில் ஆங்கில எழுத்துகள், முதலில் இரண்டு, பிற்பாடு மூன்று. "ஸ்ரீ நம்பர்", "டேஷ் நம்பர்", "இங்கிலிஷ் நம்பர்" என்று மூன்று ஜாதியாகப் பிரித்து விலை பேசுகிறார்கள். அந்த ஸ்ரீ எழுத்து 1950களின் பிற்பகுதியில் தகட்டில் ஏறியபோது, அதை எதிர்த்து வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டியதும், அதன் தொடர்ச்சியாக நாடு கொந்தளித்ததும் சரித்திரம். இன்று அதே எழுத்தைச் சுன்னாகத்துத் தமிழர் ஒருவர், "நல்ல ஸ்ரீ நம்பர் மொறிஸ் மைனர்" என்று வாஞ்சையோடு சொல்லக் கேட்கும்போது, பகையும்கூடப் பழையதானால் விலையேறும் போலிருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

மனிதரைக் கேட்காததற்குக் காரணம் உண்டு. இலங்கையின் பழைய கார்களில் பெரும் பகுதி ஜப்பானில் சில வருஷம் ஓடி, அங்கே ஏலத்தில் விலைபோய், கப்பலேறி வந்தவை. "ரீகண்டிஷன்" என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். முதல் உடைமையாளர் நகோயாவிலோ ஒசாக்காவிலோ இருக்கிறார்; அவரைப் போய் விசாரிக்க எவரால் முடியும்? அவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்வது ஏலத் தாள். ஒரு காரின் உருவப்படம் வரைந்து, கீறல் உள்ள இடத்தில் "ஏ", நெளிவு உள்ள இடத்தில் "யு", தட்டிச் சீராக்கிய இடத்தில் "டபிள்யு" என்று குறியிட்டு, மொத்தத்துக்கு நாலரை, நாலு, மூன்றரை என மதிப்பெண் போட்டு, விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டதென்றால் "ஆர்" என்ற எழுத்தால் முத்திரை குத்தி ஜப்பானியப் பரிசோதகர் எழுதிய அந்தத் தாளை, என் தம்பி சாதகக் குறிப்பைப் போல விரித்து வைத்துக்கொண்டு, "பார்த்தீங்களோ அண்ணை, நாலரை" என்றான். தாளும் மனிதர் கையால் எழுதப்பட்டதுதான். கடல் தாண்டும்போது மதிப்பெண் கூடிவிடுவதும், தூரம் காட்டும் கருவி பின்னோக்கி ஓடுவதும் அதிசயமல்ல. மூலத் தாளை ஏலக் கணக்கோடு ஒத்துப் பார்த்துத் தரச் சிறு கட்டணம் வாங்குவோர் இருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு யாரும் தயங்கக் கூடாதென்பது என் அபிப்பிராயம்.

இனிச் சாமான் விஷயம். இதில்தான் இரு கரைகளும் வெகு தூரம் விலகி நிற்கின்றன.

பின்பக்கம் பெட்டிபோல் நீண்டு, கூரை கடைசிவரை தாழாமல் செல்லும் "வேகன்" என்ற ஜாதிக் கார் இந்தியாவில் வேரூன்றவே இல்லை. 1990களில் டாட்டா எஸ்டேட், அந்தப் பத்தாண்டின் முடிவில் மாருதியின் பலேனோ ஆல்ட்டூரா, பிற்பாடு டாட்டாவின் இண்டிகோ மெரினா, ஸ்கோடாவின் ஆக்டேவியா காம்பி என்று ஒவ்வொருவராக முயன்று பார்த்து, ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். சவ ஊர்தியைப் போல இருக்கிறதென்று ஒரு சாரார் முகம் சுளித்தார்கள் என்பார்கள். அது காரணமென்று நான் நம்பவில்லை. இந்தியக் குடும்பஸ்தன் காரை இருக்கையால் அளக்கிறான், கொள்ளளவால் அளப்பதில்லை. தாத்தா, பாட்டி, மைத்துனர், மைத்துனரின் மகன் எல்லாரும் பழனிக்கு ஒரே வண்டியில் ஏற வேண்டும். அடுப்பும் அண்டாவும் ஜமக்காளமும் கூரைமேல் கேரியரில் தார்ப்பாய்க்கு அடியில் வந்தால் போதும். ஆகவே டாட்டா சுமோ, குவாலிஸ், டவேரா, இன்னோவா, எர்டிகா என்று மூன்றாம் வரிசை இருக்கை உள்ளவை ராஜ்யம் ஆண்டன. ஆனால் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் என்ன மிஞ்சுகிறது? 2018இல் வந்த எர்டிகாவில் 209 லிட்டர். ரெனோ டிரைபரில் 84 லிட்டர், அதாவது இரண்டு காய்கறிப் பைகள். மடக்கினால் எர்டிகாவில் 550 லிட்டர். கழற்றி எடுத்தால் டிரைபரில் 625. ஏழு பேர் ஏறும் கார் என்று வாங்கி, எழுவரையும் ஏற்றிய அன்று ஒரு பெட்டியைக்கூட வைக்க இடமில்லாமல் விழிக்கும் குடும்பங்கள் ஏராளம். என் தங்கையிடம் நான் கேட்ட முதற் கேள்வியே, "உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லாதே, வருஷத்தில் எத்தனை நாள் அத்தனை பேரும் சேர்ந்து போகிறீர்கள், அதைச் சொல்" என்பதுதான். நாலு நாள் என்றாள். நாலு நாளைக்கு வாடகை வேன் போதுமே!

இலங்கைக்கோ வேகன் தானாகவே வந்தது. ஜப்பானில் சின்னக் கடைக்காரரும் கம்பெனி விற்பனையாளரும் சரக்கு எடுத்துச் செல்வதற்காக உண்டான கார்களும் வான்களும் மற்ற ரீகண்டிஷன் சரக்கோடு கலந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, தீவின் குடும்ப வாகனங்களாக மறுபிறவி எடுத்தன. கொரோலா டீ.எக்ஸ். வேகன், நிஸான் ஏ.டீ. வேகன், அவற்றுக்குப் பின் ப்ரோபொக்ஸ், ஃபீல்டர், ஹொண்டா ஃபிட் ஷட்டில். வான் என்றால் ரவுண்ஏஸ், லைட்ஏஸ். அதைவிடப் பெரிது வேண்டுமானால் ஹையேஸ். அந்த ஹையேஸிலும் பழையது "ஷெல்", நடுத்தரம் "டொல்பின்", புதியது "கே.டி.எச்." என்று வைத்திருக்கும் பட்டப் பெயர்களைத் தெரியாதவன் அங்கே வான் விலை பேசப் போகவே கூடாது. கதிர்காமத்துக்குப் போகிறவர்களின் சோற்றுப் பானையும் உள்ளேயே போகிறது.

இந்த இரு வம்சங்களும் ஓரிடத்தில் உறவு கொண்டாடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தியாவில் 1984 முதல் 2019 வரை ஓடிய மாருதி ஆம்னியும், இலங்கையில் இன்று தெருவுக்குத் தெரு காணும் 660 சீ.சீ. சுசுக்கி எவ்ரியும் சுசுக்கி கேரி என்ற ஒரே மூதாதையின் சந்ததிகள். ஆம்னியின் இயந்திரம் முன்னிருக்கைக்குக் கீழே. அரை மணி ஓட்டினால் ஆசனம் அடுப்பாகும், முன்னால் மோதினால் ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரிக்கும் நடுவே ஒரு தகரம்தான். பாதுகாப்பு விதிகள் கடுமையானதும் அது விடைபெற்றுக்கொண்டது. விலை குறைவென்று பழைய ஆம்னியைக் குடும்பத்துக்குச் சிபாரிசு செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே ஆட்சேபம் ரவுண்ஏஸுக்கும் பொருந்தும் என்று தம்பியிடம் சொன்னபோது அவன் மனம் நொந்துபோனான். அவனுடைய அப்பா ஓட்டியது ரவுண்ஏஸ்.

வயது பற்றிய இரு அரசாங்கங்களின் மனோபாவமும் ஒன்றுக்கொன்று எதிர். இந்தியாவில் காருக்குப் பதினைந்து வருஷப் பதிவு. அது முடிந்தால் தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. டில்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷமே ஆயுள் என்று வந்த பிறகு, அங்கத்திய வண்டிகள் மலிவு விலையில் தெற்கே வருகின்றன. ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுக்கு லைஃப் டாக்ஸும் கட்டி முடித்தபின் அந்த மலிவில் எவ்வளவு மிஞ்சும் என்று காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டே கை நீட்ட வேண்டும். மொத்தத்தில் அங்கே கார் என்பது நாளுக்கு நாள் உருகும் மெழுகுவர்த்தி. ஆறேழு வருஷமானதை வாங்கி, மிச்சமுள்ள எட்டு வருஷத்தை ஓட்டித் தீர்ப்பதே சிக்கனம்.

இலங்கையில் கார் தங்கத்தைப் போல. இறக்குமதி வரி வாகனத்தின் விலையையே விஞ்சுவது சகஜம். அதன்மேல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில், ஓட்டித் தேய்த்த வண்டியை வாங்கிய விலைக்கும் மேலாக விற்றவர்களை எனக்கு நேரில் தெரியும். ஆகவே அங்கே மலிவு என்பதற்கே அர்த்தம் வேறு: இன்று கொடுக்கும் தொகையில் நாளை எவ்வளவு திரும்பி வரும் என்பதே கணக்கு. எரிபொருளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 2022இல் வாரத்துக்குக் காருக்கு 20 லிட்டர் என்று கியூ.ஆர். குறியைக் காட்டி வரிசையில் நின்றவர்கள், அதற்கும் முன்னே தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது ஏ-ஃபோர்ட்டியையும் மொறிஸ் மைனரையும் சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்கும்போது அது வெறும் சிக்கனப் பேச்சல்ல.

பரிசோதனையில் கவனிக்க வேண்டியவையும் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் நான் முதலில் செய்வது இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் அங்கே சேற்றுக்கோடு தெரியும். 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இது எல்லாருக்கும் பழகிப்போன சோதனை. டவேரா, இன்னோவா ஆகியவற்றில் முன்பு டி போர்டாக, அதாவது வாடகை வண்டியாக, ஓடிப் பின் ஓன் போர்டாக, அதாவது சொந்த வண்டியாக, மாறியதுண்டா என்று ஆர்.சி. புத்தகத்தில் தேட வேண்டும். இலங்கையிலோ பாயைத் தூக்கித் துருவைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தைத் தின்றிருக்கும், எஞ்சியதை யாழ்ப்பாணத்து உப்புக் காற்று தின்னும். ஃபிட் ஷட்டில் போன்ற ஹைபிரிட் வண்டிகளில் பற்றரி சாமான் தளத்துக்குக் கீழேதான் இருக்கிறது; வெங்காய மூடையின் மண்ணும் தூசியும் அதன் காற்றுவழியை அடைத்தால் வரும் செலவு, பெற்றோலில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடும். தோட்டக்காரனுக்கு ஹைபிரிட் வேண்டாமென்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

காகித விஷயத்தில் மட்டும் இரு கரையாரும் சகோதரர்கள். இலங்கையில் கையெழுத்திட்ட மாற்றப் பத்திரத்தை நிரப்பாமல் வைத்துக்கொண்டு கை மாற்றுவதற்கு "ஓப்பன் பேப்பர்" என்று பெயர். இந்தியாவில் இருபத்தொன்பதாம், முப்பதாம் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதற்குப் பெயர்கூட இல்லை. லீசிங் கடன் அடைந்து சீ.ஆர். புத்தகத்தில் கம்பெனியின் பெயர் நீங்கியதா, ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. என்ற கடன் குறிப்பு ரத்தாகியதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர் இரு நாட்டிலும் உண்டு. என் தங்கை கணவர் அப்படிக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்க நாங்கள் ஒரு வாரம் அலைந்தோம்.

தங்கை கடைசியில் ஒரு டிரைபரை வாங்கினாள். ஒரு லிட்டர் இயந்திரம். நிறையப் பாரத்தோடு கொல்லிமலை ஏறும்போது மூச்சிரைக்கிறது. சமவெளியில் குறையொன்றும் சொல்ல முடியாது. கழற்றிய மூன்றாம் வரிசை ஆசனங்கள் இரண்டும் இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கின்றன. ஒன்றில் மாமனார் அமர்ந்து பேப்பர் படிக்கிறார்.

தம்பி வாங்கியது ப்ரோபொக்ஸ். அழகில்லாத வண்டி, அதை மறைக்க அவனும் முயலவில்லை. பின்னாசனத்தை மடக்கிவிட்டால் வெங்காய மூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தளத்தைக் கழுவிவிட்டுக் குடும்பத்தோடு கசூரினாக் கடற்கரைக்குப் போகிறான். ஜப்பானில் சுங்கச் சாவடிக்காகப் பொருத்திய சிறு கருவி ஒன்றை யாரும் கழற்றவில்லை. சாவி திருப்பும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பெண் குரல் இனிமையாக ஏதோ சொல்கிறது. அட்டை செருகப்படவில்லை என்று அது எச்சரிக்கிறதாம். சித்தி அதை நம்பவில்லை. "போட்டு வாங்கோ எண்டுதான் சொல்லுது" என்கிறாள், ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் ஓயும்வரை காத்திருந்துதான் வாசற் கதவைத் திறந்துவிடுகிறாள்.