போருக்குப் பின் வரும் மூட்டம்

சூசன் சொண்டாகின் ‘நோய் எனும் உருவகம்’ (1978) நூலைப் பல வருடம் கழித்து மறுபடி எடுக்க வைத்தது அக்காதான். மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. “கதவைத் திறக்கறதுக்கு வேணுமே, அதை எடுடா” என்றாள். சாவி என்ற சொல் வரவில்லை. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். டாக்டரிடம் சொன்னதற்கு, “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா” என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைத்தான் சொண்டாக் எதிர்த்தார். அடக்கிவைத்த உணர்ச்சிகளே புற்றாக மாறுகின்றன என்ற பேச்சு அன்று செல்வாக்கோடு இருந்தது. அதன்மீது அவருக்கிருந்த கோபம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1975இல் அவருக்கே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நூலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முதல் வாசிப்பில் அந்தக் கட்டுப்பாட்டை வியந்தேன். இப்போது அது ஓர் இழப்பாகப் படுகிறது. சிகிச்சையின் மொழி போரின் மொழி என்பதை அவர் துல்லியமாகக் காட்டுகிறார். (முதல் கீமோ மருந்தான நைட்ரஜன் மஸ்டர்ட் போர் வாயுவின் வழிவந்ததுதானே!) ஆனால் போர் முடிந்த நிலத்தில் வாழப்போகிறவளின் குரலுக்கு அந்த வாதத்தில் இடமில்லை.

எனக்கு அவரோடு உள்ள பெரிய பிணக்கு வேறு. காரணம் தெரியாத நோயைச் சுற்றித்தான் உருவகங்கள் மண்டும், காரணம் தெளிந்தால் அவை உதிரும் என்று அவர் நம்பினார். ‘கீமோ பிரெயின்’ ஆய்வுகளைப் படிக்கும்போது அப்படித் தோன்றவில்லை. 2003இல் டிம் ஆலிஸ் குழுவினர், சிகிச்சை முடிந்து பல வருடமான 80 பேரைச் சோதித்தார்கள். மூளையில் கொழுப்பைச் சுமந்து சென்று நரம்புகளைச் செப்பனிட உதவும் புரதத்துக்கு உரியது ஏப்போ-ஈ மரபணு. அதன் ஈ4 வடிவம் கொண்டவர்கள் காட்சி நினைவிலும் இடமறியும் திறனிலும் பின்தங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்கள் வெறும் 17 பேர். 60 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்விலும், ஈ4 இருந்து கீமோவும் எடுத்தவர்களிடம் சரிவு தெரிந்தது. மறுபக்கம், பி.டி.என்.எஃப். மரபணுவின் ‘மெட்’ வடிவம் நினைவாற்றலைக் குறைப்பது என்று பெயர் வாங்கியிருந்தது. 2016இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அதுவே கீமோ நோயாளிகளைக் காப்பதாகக் கண்டார்கள்.

காரணம் பாதி தெரிந்தாயிற்று. உருவகம் உதிர்ந்ததா? “அப்ப தலையெழுத்துன்னு சொல்லு” என்றாள் அக்கா. நேற்றுவரை மனசின் குற்றம், இன்று விதையின் குற்றம். விஷத்தைப் பற்றிய பேச்சு இரண்டிலும் பின்னுக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, அல்சைமர் அபாயத்தோடு சேர்த்துப் பேசப்படுவதும் இதே ஈ4தான். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே 2007இல் தன் மரபணுத் தொகுதி வெளியானபோது அந்த ஒன்றை மட்டும் தனக்குச் சொல்லவேண்டாம் என்றார். அக்காவுக்குப் பரிசோதனை செய்யலாமா என்று நானும் யோசித்தேன். முடிவு எதுவானாலும் போன சொல்லைத் திருப்பிக் கொண்டுவர அதில் வழியில்லை. கேட்கவில்லை.

1989இல் எழுதிய அடுத்த நூலில்தான் சொண்டாக் தன் நோயைப் பற்றிப் பேசுகிறார். அதை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படிக்கிறாள், பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு.