கைராசியா, காரணமா?

நம் ஊர்களில் கைராசி என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் நட்டால் பட்ட கொம்பும் துளிர்க்குமாம். இன்னொருவர் நட்டால் கீரைகூட முளைக்காதாம். காரணம் கேட்டால், "அவருக்குக் கைராசி" என்ற பதில்தான் கிடைக்கும். இந்த எண்ணத்தை ஓட்டுவதற்கென்றே இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொதுமக்களுக்குத் தோட்டக்கலையைக் கற்றுத்தரும் மாதிரித் தோட்டமே அது. ஆனால் பல மாதிரித் தோட்டங்கள் அந்த எண்ணத்துக்கு நீர் வார்த்து வளர்க்கின்றன என்பதே என் குறை. இயற்பியல் ஆசிரியனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை ஒரு மாதிரிக் காய்கறித் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். தக்காளி கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்தது. அருகே ஒரு பலகை. பயிரின் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், இரகம் ஆகிய நான்கும் அதில் இருந்தன. ஒரு மாணவி மெல்லக் கேட்டாள்: "சார், எங்கள் அம்மாவும் இதே இரகத்தைத்தான் நட்டார்கள். செடி நெடுநெடுவென்று வளர்ந்தது. காய்தான் நாலைந்துக்கு மேல் பிடிக்கவில்லை. ஏன் சார்?"

பலகையில் அதற்குப் பதில் இல்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவரோ, "பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். சீட்டுப் பணத்தில் பைகளும் மண்ணும் வாங்கிய அந்தத் தாய், "என் கைக்கு ராசியில்லை" என்று பைகளை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டாராம்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக் கொல்லையில் மாணவர்கள் ஒரு குச்சியை நட்டார்கள். அதன்மேல் நேர் வெயில் எப்போது விழுகிறது, எப்போது விலகுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார்கள். இரு பக்கமும் உயர்ந்த சுவர்கள். நாள் முழுவதிலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே வெயில் கிடைத்தது. தக்காளி நன்றாகக் காய்க்க, குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். மாதிரித் தோட்டமோ திறந்த வெளி. குறை அந்தத் தாயின் கையில் இல்லை. சுவரின் நிழலில் இருந்தது. குறைந்த வெயிலில் வளரும் கீரையை நட்டிருந்தால் அந்தப் பணம் வீணாகியிருக்காது.

சிறு தோட்டங்களுக்கு மட்டும் உரிய குறையா இது? நாடறிந்த உதகை அரசு தாவரவியல் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கமே காய்கறிதான். 1840-களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தித் தங்களுக்கு வேண்டிய காய்கறியை விளைவித்துக்கொண்டார்கள். 1848-இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து அதைப் பூங்காவாக அமைக்கத் தொடங்கினார். 55 ஏக்கர் பரப்புள்ள அந்த அழகைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆயினும் மே மாத மலர்க் கண்காட்சியில் மயங்கிச் செடி வாங்கி வருபவர் ஒன்றை மறந்துவிடுகிறார். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, கடற்கரை ஊரைவிட அங்கே 14 டிகிரி குறைவு! செடியைப் பையில் கொண்டுவரலாம்; குளிரைக் கொண்டுவர முடியுமா? பூவுக்கு அருகில் அதன் பெயரோடு இந்தக் கணக்கையும் எழுதி வைத்தால் எத்தனை பேருக்குப் பயன்படும்!

வகுப்பில் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை மட்டும் காட்டி, "எரிவதற்குக் காற்று வேண்டும்" என்று சொன்னால், மாணவன் அதை ஏன் நம்ப வேண்டும்? இன்னொரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணாடிச் சாடியால் மூடுகிறோம். அது அணைகிறது, மற்றது எரிகிறது. அப்போதுதான் அது செய்முறை விளக்கம். ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதே சோதனை. செழித்த பாத்தியை மட்டும் காட்டுவது வெறும் கண்காட்சி.

வேளாண் அறிஞர்கள் இதை நன்கு அறிவார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயலில், ஒரு பகுதிக்கு இன்றுவரை எந்த உரமும் இடுவதில்லை. அதே வழியில் கோயம்புத்தூரிலும் 1909-இல் நிரந்தர உரச் சோதனை தொடங்கியது. உரமிட்ட பாத்திகளுக்கு அருகிலேயே உரமிடாத பாத்தியும் உண்டு. அந்த மெலிந்த பயிர்தான் மற்றவற்றின் மதிப்பைச் சொல்கிறது. ஆராய்ச்சி வயலில் உள்ள இந்த முறை, மக்கள் வந்து பார்க்கும் தோட்டத்துக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

"வாடிய செடியை வைத்தால் தோட்டத்தின் அழகு கெடாதா? பார்க்க வருபவர்கள் பராமரிப்பு சரியில்லை என்று சொல்ல மாட்டார்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு ஒரு மூலையும் ஒரு பலகையும் போதும். வெயிலில் ஒரு தக்காளி, நிழலில் ஒரு தக்காளி. சாமந்தியில் இரண்டு பாத்திகள்: ஒன்றின்மேல் இரவில் விளக்கொளி, மற்றதில் இருட்டு. சாமந்தி மொட்டு விட நீண்ட இருள் வேண்டும். ஆகவே விளக்கொளியில் நிற்கும் செடி பூப்பது தள்ளிப்போகும். தெருவிளக்கின் கீழே சாமந்தி வைத்துவிட்டு, பூக்கவில்லையே என்று ஏங்கும் எத்தனை வீடுகளுக்கு இது விடை!

தோட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மண், ஒரே அளவு நீர். ஒன்றின்மேல் மட்டும் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பி, இரண்டையும் எடை போடுங்கள். வெயிலில் வைத்து மாலையில் மீண்டும் எடை போடுங்கள். எடை குறைந்த அளவே ஆவியாகிப் போன நீர். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் ஈரமண்ணை நேரே தாக்காமல் சருகு தடுக்கிறது. எந்தத் தொட்டியில் இழப்பு குறைவு என்பதை உங்கள் தராசே சொல்லும்.

அடுத்த முறை மாதிரித் தோட்டத்துக்குப் போகும்போது, "இதன் பெயர் என்ன?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இது எங்கே வளராது, ஏன்?" என்றும் கேளுங்கள். தோட்ட வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் விடை தெரிந்திருக்கும். அதை யாரும் பலகையில் எழுதவில்லை, அவ்வளவுதான். நாம் கேட்கக் கேட்க அது பலகைக்கு வரும். பரண்மேல் கிடக்கும் பைகளும் கீழே இறங்கும்.