87 விழுக்காடும் இரண்டு அத்தைகளும்

ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதிய 'மை மெடிக்கல் சாய்ஸ்' கட்டுரையை ஒரு நடிகையின் துணிச்சல் என்று பாராட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஒரு பிரதியாகவும் அதை வாசிக்கலாம்.

அதன் பலம் சிக்கனம். ஏறக்குறைய பத்தாண்டுகள் நோயோடு போராடிய தாய் 56 வயதில் இறந்தார். தனக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் பழுது. மார்பகப் புற்றுநோய்க்கான ஆபத்து 87 விழுக்காடு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 5க்கும் கீழ். புலம்பல் இல்லை. சோதனைக்கு அமெரிக்காவில் அப்போது 3,000 டாலருக்கு மேல் ஆனது, பல பெண்களுக்கு அது தடையாக இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுகிறார்.

எனக்கு இடறுவது அந்த 87. அது அவருக்கென்று மருத்துவர்கள் போட்ட கணக்கு. சராசரி 65 என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனா படிச்சவங்க மனசுல தங்கினது 87 மட்டும்தான். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடுதான் பரம்பரையாக வருபவை.

நான் பாசிர் கூடாங்கில் வேலை பார்க்கும் பொறியாளன். ஆலையில ஒரு பம்பு ஓடும், இன்னொன்னு ஸ்டேண்ட்பை. ரெண்டும் போனாத்தான் லைன் நிக்கும். பிஆர்சிஏ1-உம் ஏறக்குறைய அப்படித்தான். அறுந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் அந்த மரபணு நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று பழுதாகப் பிறந்தவருக்கு மாற்று இல்லை, அவ்வளவுதான். நோய் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். இது தலையெழுத்து இல்லை.

கட்டுரையின் பெரிய இடைவெளி, மரபு அதில் தாய்வழியாகவே வருவது. அதே பழுது அப்பா வழியாகவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்போடு இறங்கும். என் அப்பாவின் அக்காள்கள் இரண்டு பேரும் குளுவாங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ஐம்பதைத் தாண்டாமலே மார்பகப் புற்றுநோயில் போனார்கள். "மருந்து அடிச்ச கைங்க, அதான்" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். அப்பாவை யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அத்தைகள் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார் அம்மா.

மலாய், சீன, இந்தியப் பெண்களை வைத்து கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆய்வு செய்கின்றன. நமக்கான எண்கள் அங்கிருந்துதான் வரவேண்டும். ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பதுதான். அத்தைகளை மறைத்துவிட்டு அதற்கு என்ன பதில் சொல்வது?

'சாய்ஸ்' என்ற சொல்லை ஜோலி தலைப்பில் ஒருமையில் எழுதினார். நம் வீடுகளில் அது பன்மை. சோதனைக்குப் போவது அக்காவின் முடிவு. ஆனா ரத்தம் முதல்ல எடுக்க வேண்டியது அப்பாகிட்ட.