மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் பக்கம்

நமது சஞ்சிகைகளில் அண்மைக் காலமாக ஒரு வகை எழுத்து பெருகி வருகிறது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. பல ஆண்டுகள் எழுதாமல் இருந்த ஒருவர் மீண்டும் எழுத வருகிறார். கதையோடோ கவிதையோடோ வருவதில்லை. தான் ஏன் இவ்வளவு காலம் எழுதவில்லை என்ற விளக்கத்தோடு வருகிறார். குடும்பச் சுமை, இடமாற்றம், நோய், நாட்டு நிலைமை என்று ஒரு பட்டியல் நீளும். கடைசிப் பந்தியில் இனித் தொடர்ந்து எழுதுவேன் என்ற வாக்குறுதி இருக்கும். அதற்குப் பிறகு அவரை அந்தப் பக்கங்களில் காண முடிவதில்லை.

அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் உண்மையானவை. திட்டமிடாமல் எழுத்து நின்றுபோவது நமது சூழலில் விதிவிலக்கல்ல, அதுவே வழமை. ஆனால் நின்றுபோன எழுத்து எப்படி மீண்டும் தொடங்குகிறது என்பதை நமது விமர்சனம் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒருவர் திரும்பி வந்தால் வரவேற்கிறோம், வராவிட்டால் மறந்துவிடுகிறோம். இடையில் நடந்ததற்கு 'அஞ்ஞாதவாசம்' என்றும் 'தவம்' என்றும் பெயர் சூட்டி விடுகிறோம்.

இந்தச் சொற்கள் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். பாண்டவரின் அஞ்ஞாதவாசத்துக்கு ஓராண்டு என்ற கணக்கு உண்டு. எப்போது முடியும் என்பது போகிறவருக்கே தெரியும். தவம் செய்கிறவரும் தானே விரும்பித்தான் உட்காருகிறார். நமது எழுத்தாளர் எழுத்தை விடுவது அப்படியல்ல. இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் பார்ப்போம் என்று தொடங்குகிறது. திரும்பிப் பார்க்கும்போது ஏழு வருடம் போயிருக்கிறது. இதைத் தவம் என்று அழகுபடுத்தினால் அதற்கான காரணங்கள் மறைந்துவிடுகின்றன.

தமிழில் நன்கு அறியப்பட்ட ஓர் இடைவெளி சுந்தர ராமசாமியுடையது. 1950களின் தொடக்கத்திலேயே எழுத வந்து, 'தண்ணீர்' போன்ற கதைகளால் கவனம் பெற்று, 'அக்கரைச் சீமையிலே', 'பிரசாதம்' ஆகிய தொகுதிகளைத் தந்தவர். 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை' வெளிவந்தது. ஒரு நாவலாசிரியனுக்கு அதைவிட நல்ல தொடக்கம் அமையாது. ஆனால் அதன் பின் சில ஆண்டுகள் அவர் ஏறக்குறைய எழுதவேயில்லை. நாகர்கோவிலில் குடும்பத் துணிக்கடை வியாபாரம் இருந்தது. வாசிப்பும் நண்பர்களும் இருந்தார்கள். எழுத்து மட்டும் இல்லை. 1970களின் முற்பகுதியில்தான் அவர் மீண்டும் கதை எழுதினார்.

திரும்பி வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதே நமக்கு முக்கியம். புளியமரத்தின் இரண்டாம் பாகத்தை எழுதவில்லை. சிறுகதைகள் எழுதினார். பசுவய்யா என்ற பெயரில் கவிதைகள் எழுதினார். 'நடுநிசி நாய்கள்' 1975-இல் வந்தது. அடுத்த நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல்தான் வந்தது. அதாவது இரண்டு நாவல்களுக்கிடையே பதினைந்து ஆண்டுகள். அவற்றில் மௌனம் ஒரு பகுதி. மௌனத்திலிருந்து சிறிய வடிவங்கள் வழியாக மெல்ல வெளியேறியது இன்னொரு பகுதி. 'பல்லக்குத் தூக்கிகள்' போன்ற பிற்காலக் கதைகளைப் 'பிரசாதம்' காலக் கதைகளோடு சேர்த்து வாசித்தால் இடையில் ஏதோ நடந்திருப்பது தெரியும். வாக்கியம் இறுகியிருக்கிறது. வெளியுலகச் சித்திரிப்பு பின்னால் போய், மனத்தின் கேள்விகள் முன்னால் வந்திருக்கின்றன. எழுதாத காலத்தைப் பற்றி அவர் அந்தக் கதைகளில் விளக்கவில்லை. விளக்கத்தின் வேலையை வாக்கியமே செய்துவிட்டது.

எனவே, திரும்பி வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் எழுதவில்லை' என்பதல்ல. 'இப்போது எழுதுவது முன்பு எழுதியதிலிருந்து எங்கே வேறுபடுகிறது' என்பதே. வேறுபாடு இல்லையென்றால், விட்ட இடத்திலிருந்தே பழைய பாணியில் தொடர்ந்தால், அந்த இடைவெளியால் எழுத்துக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

ஆனால் இதை எழுத்தாளனின் தனி முயற்சியாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல. ந. பிச்சமூர்த்தியை எடுத்துக்கொள்வோம். 1930களில் மணிக்கொடி காலத்தில் கதையும் கவிதையும் எழுதியவர். பிறகு கோயில் நிர்வாக அதிகாரி வேலை. 1940களின் நடுப்பகுதிக்குப் பின் அவரது கவிதை நீண்ட காலம் நின்றுபோனது. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' ஏட்டைத் தொடங்குகிறார். முதல் ஏட்டிலேயே பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' இடம்பெறுகிறது. அதைத் தொடர்ந்து அவர் மீண்டும் கவிதை எழுதுகிறார். 1962-இல் 'காட்டு வாத்து' வெளிவருகிறது. அவரைப் பார்த்து இளைஞர்கள் எழுத வருகிறார்கள். அதே ஆண்டில் 'புதுக்குரல்கள்' தொகுப்பும் வருகிறது. ஏறக்குறைய அறுபது வயதில் ஒரு மனிதர் ஓர் இயக்கத்தின் முன்னோடி ஆகிறார்.

பிச்சமூர்த்தியின் மனவுறுதிதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 'எழுத்து' என்ற ஏடு அன்று வந்திராவிட்டால் அந்த மனவுறுதி எங்கே போய் நின்றிருக்கும்? திரும்பி வருகிறவருக்கு ஒரு வாசல் வேண்டும். அதைத் திறந்து வைத்திருக்கும் ஒருவரும் வேண்டும். செல்லப்பா கைப்பணத்தைப் போட்டு அந்த வாசலை 1970 வரை திறந்து வைத்திருந்தார்.

இனி நமது பக்கத்துக்கு வருகிறேன். மலையகத்தில் மௌனம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி எழுத்தாளனுடையதே அல்ல, அச்சினுடையது. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1960களின் தொடக்கத்தில் பத்திரிகையில் வந்த கதை. மலையகச் சிறுகதையைப் பற்றிப் பேசும் எவரும் அதைத் தவிர்த்துப் பேச முடியாது. ஆனால் அந்தப் பெயரில் அவரது தொகுதி நூலாக வந்தது 1980-இல், வைகறை வெளியீடாக. பத்திரிகையில் வந்த கதை அடுத்த வாரம் கடையில் பொதி கட்டப் போய்விடும். அந்த ஆண்டுகளில் பாடசாலையில் படித்த ஒரு பிள்ளைக்கு ராமையா மௌனமாக இருந்த எழுத்தாளர்தான். எழுதியவரின் மௌனத்தையும் நூலாகாத எழுத்தின் மௌனத்தையும் விமர்சகன் பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் இருந்த எழுத்தையே இல்லையென்று எழுதிவிடுவோம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் எவரும் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்க மாட்டார்கள். புத்தளத்துக் கொட்டில்களில் எழுத்து நின்றுபோனவர்களைத் தவமிருந்தவர்கள் என்று அழைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அது பறிக்கப்பட்ட எழுத்து. அதைப் பறிக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதே யாழ்ப்பாணத்திலிருந்து 'மல்லிகை'யும் இடம்பெயர்ந்தது. 1966-இல் டொமினிக் ஜீவா தொடங்கிய சஞ்சிகை அது. 1990களின் போர்ச்சூழலில் அங்கே தொடர முடியாமல் போய், பின்னர் கொழும்பிலிருந்து மீண்டும் வந்தது. 2012 வரை வந்தது. எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போடும் வழக்கத்தை ஜீவா கைவிடவில்லை. வடக்கு, கிழக்கு, தெற்கு, மலையகம் என்று பார்க்காமல், முஸ்லிம் எழுத்தாளர்களையும் அந்த அட்டையில் வைத்தார். 2021-இல் அவர் காலமானபோது பலரும் அவரது விடாமுயற்சியைப் பற்றி எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஊர் மாறியது, அச்சுக்கூடம் மாறியது. ஆனால் முன்பு எழுதியவருக்கு மீண்டும் எழுத ஒரு முகவரி இருந்தது. இடம்பெயர்ந்த எழுத்தாளனுக்கு அந்த முகவரி வீட்டு முகவரியைவிடக் குறைந்ததல்ல.

நான்காவது வகை நமது வீடுகளுக்குள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நமக்குத் தயக்கம். துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா பருவமடைந்ததும் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்துக்குப் பிறகு ஒளித்து எழுதியவர், புனைபெயரில் எழுதியவர். 2000-இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' கவிதைத் தொகுதியும், 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலும் வந்தன. அவர் எழுதியது பிடிக்குமா பிடிக்காதா என்று நமது வட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. அவரைப்போல் எழுத முடிந்தவர்களில் எத்தனை பேருக்குக் கடுதாசி கிடைக்கவில்லை என்று நாம் பேசவில்லை.

நான் ஓர் ஆசிரியன். தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறேன். ஆக்கத்திறனில் முதலாவதாக வருபவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். லயத்து அறையில் நான்கு பேருக்கு நடுவில் குந்தியிருந்து எழுதியவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு, நகரத்துக் கடைவீதி முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. சாதாரண தரம் முடிந்ததும் சிலர் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள், சிலர் ஆடைத் தொழிற்சாலைக்கு, சிலர் கலியாணத்துக்கு. பத்து வருடம் கழித்துக் கடைத்தெருவில் 'சேர், நல்லா இருக்கீங்களா?' என்று கையில் பிள்ளையோடு கேட்பார்கள். 'இப்பவும் எழுதுறதா மகள்?' என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதுவதற்கு யாரும் கேட்கவில்லை என்பதே அதன் பொருள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் உதாரணமொன்று உதவும். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோட்டன் அணையில் மறுபடி தேங்கி, பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. மௌனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அணைத் தண்ணீரை உவமை காட்ட விரும்புவார்கள்: தேங்கினால் வலிமை சேரும் என்று. பக்கத்தில் வாழ்கிறவனுக்கு அது அரைகுறை உண்மை என்று தெரியும். இந்த மலைத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-இல் ஆய்வுரை வாசித்தார். 1924-இல் தொடங்கிய வேலை இடையில் நிறுத்தப்பட்டது. மின்சாரம் வந்தது 1950-இல். அந்த இடைவெளியில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. 1931-இல் அரசாங்க சபை உறுப்பினராகி, அங்கேயும் அதே திட்டத்துக்காக வாதாடினார். மூன்று ஆண்டுகள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு 1953-இல் இறந்தார். அந்த வெளிச்சம் அணைக்கட்டைச் சுற்றியிருந்த லயங்களுக்கு வந்து சேர மேலும் பல காலம் பிடித்தது என்பது தனிக்கதை.

இடைவெளி தானாக எதையும் சேர்த்து வைப்பதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எழுதாத காலத்திலும் எழுத்தோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் மீள்வருகை கைகூடும். வாசிப்பாக இருக்கலாம், யாரோ ஒருவருக்கு எழுதும் கடிதமாக இருக்கலாம், ஒரு குறிப்புக் கொப்பியாக இருக்கலாம். நானும் இடையில் சில ஆண்டுகள் எதையும் எழுதி அனுப்பியதில்லை. பரீட்சை வகுப்புகள், மேலதிக வகுப்புகள், பஸ் பயணம் என்று போய்விட்டது. மறுபடி எழுதியது ஒரு நண்பரின் கவிதைத் தொகுதிக்கு ஒன்றரைப் பக்க மதிப்புரை. ஒன்றரைப் பக்கம் என்று அளவு சொல்லிக் கேட்டார்கள், அதனால் எழுத முடிந்தது. நாவல் கேட்டிருந்தால் இன்றைக்கும் விளக்கம்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

எனவே நமது வட்டத்துக்கு என் வேண்டுகோள்கள் இவை. திரும்பி வருகிறவரிடமிருந்து தன்னிலை விளக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். அதை எழுதி அனுப்பினால் பிரசுரிக்கவும் வேண்டாம். ஒரு கதை, ஒரு கவிதை, ஒரு மதிப்புரை என்று அளவும் திகதியும் சொல்லிக் கேட்போம். வந்ததை அவருடைய பழைய எழுத்தோடு பக்கத்தில் வைத்து வாசிப்போம். மாறியிருந்தால் எங்கே என்று எழுதுவோம், மாறவில்லையென்றால் அதையும் எழுதுவோம். மீண்டும் வந்தாரே என்ற மகிழ்ச்சியில் போடும் மாலை விமர்சனம் ஆகாது. எழுத்து போதும் என்று தெளிவாக முடிவெடுத்து நிறுத்தியவரை நிம்மதியாக விடுவோம். அதுவும் ஒரு முடிவுதான்.

அப்படி முடிவெடுக்காமலே நின்றுபோனவர்கள்தான் நமது பொறுப்பு. பழைய இதழ்களைப் புரட்டினால் ஓரிரு கதைகளோடு காணாமற் போன பெயர்கள் கிடைக்கும். அவற்றில் பெண்களின் பெயர்கள் பல. ஒவ்வோர் இதழுக்கும் அவற்றிலிருந்து இரண்டு பெயரை எடுத்து, ஊரில் விசாரித்து, இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டு ஒரு கடிதம் போடலாம். பதில் வராமலும் போகலாம். அந்தக் கடிதங்களை எழுத ஆள் வேண்டுமென்றால், இந்தப் பக்கத்து ஊர்களை நான் ஏற்றுக்கொள்கிறேன்.