அறைவீடு இல்லாதவர்கள்: பாமாவின் 'கருக்கு'ம் அமைதி வேளையும்

மதுரையில் எந்தச் சபையின் பெண்கள் கூடுகைக்குப் போனாலும் ஓர் அறிவுரை தப்பாமல் கிடைக்கும். ஆண்டவரின் சத்தம் மெல்லியது, அதைக் கேட்க அமைதி வேண்டும், அமைதி வேண்டுமென்றால் நாலு மணிக்கு எழுந்திருங்கள். ஆதாரமாக மாற்கு முதல் அதிகாரத்தின் 35ஆம் வசனத்தைக் காட்டுவார்கள். விடியுமுன் எழுந்து, ஆளில்லாத இடம் தேடிப் போய் ஜெபித்த இயேசு அங்கே இருக்கிறார். அதே பக்கத்தில் நாலைந்து வசனம் மேலே போனால் ஒரு பெண் இருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த பேதுருவின் மாமியார். காய்ச்சல் விட்டதும் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறாள். பொழுது சாய்ந்ததும் ஊரே அந்த வீட்டு வாசலில் கூடிவிடுகிறது. அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எத்தனை மணிக்கு அணைந்தது, மறுநாள் அவள் எப்போது எழுந்தாள் என்பதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

தனி ஜெபத்துக்குச் சபையில் வழங்கும் பழைய பெயர் அறைவீட்டு ஜெபம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். 1929இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதுவதற்காக ஓர் அறை கேட்டார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மலைப்பிரசங்கம் ஜெபிப்பதற்கு ஓர் அறையைச் சொல்லிவிட்டது. வீடே ஓர் அறையாக இருப்பவள் எந்தக் கதவைச் சாத்துவாள்?

இந்தக் கேள்வியோடுதான் 'கருக்கு'வை மறுபடி எடுத்தேன். 1992இல் மதுரையின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்ட நூல். தலித் தன்வரலாறு என்று பாடத்திட்டத்தில் வைக்கிறோம், சாதியைப் பற்றிக் கேள்வி கேட்கிறோம், மதிப்பெண் போடுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால் ஜெபத்தைப் பற்றிய நூலாக அதைப் படித்தவர்கள் குறைவு. இத்தனைக்கும் பனங்கருக்கு என்ற தலைப்பிலேயே வேதாகமத்தின் இருபுறமும் கூர்மையான வாள் இருக்கிறது. எபிரேயருக்கு எழுதிய நிருபம் கடவுளின் வார்த்தைக்குச் சொல்லும் உவமை அது. முன்னுரையில் பாமாவே அதைச் சொல்லிவிடுகிறார். கடவுளின் குரலைத் தேடி மடத்துக்குப் போய், ஏழாண்டு கழித்து வெளியே வந்த ஒரு பெண் அந்தக் குரலைப் பற்றி எழுதியது இது.

நூலில் வரும் பாட்டியிடமிருந்து தொடங்கலாம். நாயக்கர் வீட்டில் வேலை. கோழி கூவுமுன், இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ எழுந்து, தண்ணீர் எடுத்து வைத்து, வீட்டு வேலை முடித்து, நெடுந்தூரம் நடந்து போவார். பொழுது சாய்ந்து இருட்டில் திரும்பி வந்து, கஞ்சி காய்ச்சிக் குடிப்பார். நம்முடைய பக்திப் புத்தகங்கள் புகழும் அதே அதிகாலை. உலகம் உறங்கும் அதே நிசப்தம். பாட்டி அந்த நேரத்தில் விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் அந்த நேரம் அவருடையது அல்ல, எஜமான் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். நாலு மணிக்கு எழுந்திரு என்று இவரிடம் யார் சொல்ல முடியும்? சொன்னால், எழுந்து இரண்டு மணி நேரமாயிற்று தாயீ என்பார்.

பேத்திக்கு அமைதி கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்ற ஆசையோடு, ஆசிரியை வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார் பாமா. பாட்டிக்குக் கிடைக்காத அத்தனையும் அங்கே இருந்தது. ஜெபத்துக்கென்று நேரம், கோயில், சாப்பாட்டுக் கவலை இல்லாத வாழ்க்கை. அந்த அமைதியில் அவர் காதில் விழுந்தது என்ன? பயிற்சிக் காலத்திலேயே ஒரு சகோதரி சொல்கிறார்: சில சபைகளில் அரிசனப் பெண்களைத் துறவிகளாகச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று எங்கேயோ தனிச் சபை இருக்கிறது. கேட்டதும் இடி விழுந்ததுபோல் ஆகிறது. வெளியில் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்.

இந்த இடத்தில் வாசகி கொஞ்சம் நிற்க வேண்டும். மடத்தின் பழக்கமாகிய மௌனமும் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்ளும் மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தலை குனிந்திருக்கும், உதடு அசையாது. பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கடவுளைக் கேட்கும் அமைதி என்று நாம் பொதுவாகப் பேசுவதற்குள் இப்படி எத்தனை பயங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க 'கருக்கு' கற்றுத் தருகிறது.

அடுத்தது கீழ்ப்படிதல். மூன்று துறவற வார்த்தைப்பாடுகளில் ஒன்று. மேலதிகாரியின் சொல்லையே கடவுளின் சித்தமாக ஏற்க வேண்டும் என்றால், தியானத்தில் காத்திருந்து கேட்பதற்குப் பிறகு என்ன மிஞ்சும்? கடவுள் அன்பானவர், பொறுமையானவர், மன்னிப்பவர், தாழ்மையானவர் என்றுதான் தனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டு கோபிப்பவர் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்கிறார் பாமா. வேலைக்காரியிடம் எஜமானி எதிர்பார்க்கும் குணங்களோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. கோபமான ஒரு குரல் அவருக்குள் எழும்போது, அது கடவுளிடமிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்கவே அந்தப் பயிற்சி இடம் தரவில்லை. மடத்தை விட்டு அவர் வெளியேறியதை விசுவாசத்தின் முறிவாகச் சிலர் படிக்கிறார்கள். ஏழு ஆண்டு காது கொடுத்துக் கேட்டதன் பலனாக ஏன் படிக்கக்கூடாது?

சபை பெண்களின் மௌனத்தை விரும்பி நினைவில் வைத்துக்கொள்ளும். ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றது பத்தொன்பது, தங்கியது பத்து. ஜெபிக்க இடமில்லாமல் சமையலறையில் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்ற கதை அன்னையர் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் வந்துவிடும். 1712 வாக்கில் கணவர் லண்டன் போயிருந்தபோது, அதே சூசன்னா வீட்டில் ஞாயிறு மாலைக் கூட்டம் நடத்தினார். இருநூறு பேர்வரை வந்தார்கள், துணைக் குரு புகார் எழுதினார். நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிட்டு எழுதுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும் என்கிற பொருளில் கணவருக்குப் பதில் போட்டார். இந்தக் கதையை எந்தப் பிரசங்கியாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

'கருக்கு'விடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. மடத்துப் பள்ளியில் பெருக்குவது, கழுவுவது, கழிப்பறை சுத்தம் செய்வது எல்லாம் தன் சனங்கள்தான் என்று பாமா பார்த்து எழுதுகிறார். அமைதி என்பது யார் கைவேலையால் கிடைக்கிறது என்று காட்டும் வரிகள் அவை. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திகூட அங்கே வாய் திறப்பதில்லை. கிராமத்து அத்தியாயங்களில் ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு பேச்சு. மடத்து அத்தியாயங்களில் கோபம் வேகமெடுத்து எல்லாரையும் ஒரே திரளாக்கிவிடுகிறது. காயம் ஆறாத நேரத்தில் எழுதியது, புரிகிறது. இரண்டாண்டு கழித்து, 1994இல் வந்த 'சங்கதி' முழுக்கப் பெண்களின் பேச்சு, சண்டை, பாட்டு, ஏச்சு. மடத்து மௌனத்திலிருந்து வெளியே வந்த காது நேராக அங்கேதான் போயிருக்கிறது.

மொழியும் அப்படித்தான். ஜெபத்துக்கென்று ஒரு தமிழ் வைத்திருக்கிறோம், வீட்டில் யாரும் பேசாத தமிழ். அதிலே கேட்டால்தான் கடவுளுக்கே விளங்கும் என்பதுபோல. பாமா தன் தெருவின் பேச்சிலேயே நூல் முழுவதையும் எழுதியபோது கொச்சை என்றார்கள். அந்தப் பாட்டியிடம் கடவுள் பேசியிருந்தால் வேறெந்தத் தமிழில் பேசியிருப்பார்?

அமைதி வேளையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தேவை, அதற்காகக் காசு கட்டியும் போயிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு வெளியே ஒரு தியான இல்லத்தில் இரண்டு நாள் மௌன தியானம். பெண்கள் முப்பது பேர். சாப்பாட்டு வேளையிலும் பேசக்கூடாது. முதல் நாள் காலை, பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தியானம் நடத்தியவர் எழுந்து போனார், சத்தம் நின்றது. அந்தத் தேய்ப்பு அதற்குப் பிறகு எங்கே, எந்த நேரத்தில் நடந்தது என்று நான் யோசிக்கவில்லை. அந்த வாரம் என் வீட்டில் என் வேலையை யார் செய்தார்கள் என்பது மட்டும் தெரியும். மாமியார்.

மதியம் குழம்பு வாளியோடு வந்த அக்காவுக்கு எங்கள் விதியை யாரும் சொல்லியிருக்கவில்லை போலும். ஒவ்வொரு தட்டாக ஊற்றிக்கொண்டே வந்தவர் எங்கள் வரிசையில் நின்றுவிட்டார்.

"என்னக்கா, யாருமே பேச மாட்டேங்கிறீங்க? கொழம்புல உப்புக் கூடிப்போச்சா?"

முப்பது பேரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.